கோதுமை மாவுக்கும் கீரைக்கும் நடுவே ஒன்றரைக் கிலோ

காலை ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஐந்து ஐம்பதுக்கு வர வேண்டிய பால் வரவில்லை.

ஐந்து நிமிடமெல்லாம் ஒரு தாமதமா என்று கேட்பவர்கள் படுத்தவுடன் தூங்கிவிடுகிறவர்கள். நான் அந்த ரகம் இல்லை. பால் வரவில்லையென்றால், பால்காரர் சுடலைமுத்து தாராவியிலிருந்து வரும் வழியில் சயான் திருப்பத்தில் லாரிக்கு அடியில் சைக்கிளோடு கிடக்கிறார். அவர் வீட்டுக்கு நான்தான் ஆறுதல் கடிதம் எழுத வேண்டும். அதை எப்படித் தொடங்குவது? இவ்வளவும் ஐந்து ஐம்பத்தாறுக்குள் என் மனத்தில் ஓடி முடிந்துவிடும். ராத்திரி கதவைத் தாழிட்டேனா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பவன் நான். (என் மனைவி கமலா நான்கு தடவை என்பாள். நாலாவது தடவை தண்ணீர் குடிக்க எழுந்தது. அது கணக்கில் வராது.)

ஆனால் அன்று நான் பதறியதற்குப் பால் மட்டும் காரணம் இல்லை. அன்று காலை என் மகள் வசந்தியை டாக்டரம்மா நிறுத்துப் பார்க்கப் போகிறார். ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தால் அவள் பம்பாயில் எங்களோடு இருப்பாள். ஏறாவிட்டால் மத்தியானம் மூன்று மணி மதராஸ் வண்டியில் என் அண்ணாவோடு கிளம்பி, திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு வருடத்துக்கு. அரை டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

இது நடந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் யாராவது "அரை டிக்கெட்" என்று சொன்னால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

வசந்திக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, இவள் கையில் மட்டும் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். இருபது கிலோ; வயதுக்கு எடை போதாது; மருத்துவரிடம் காட்டவும். நான் சீட்டைப் படித்து முடிப்பதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டேன். (ஒரு காலில் என்னுடையது, மறு காலில் கமலாவுடையது. டாக்டர் வீட்டு வாசலில்தான் தெரிந்தது.)

டாக்டரம்மா மராத்திக்காரர். மாட்டுங்காவில் இருபது வருடமாக வைத்தியம் பார்ப்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அந்தத் தமிழைக் குழந்தைகளிடமிருந்தே கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. யாராக இருந்தாலும் 'நீ'தான். வசந்தியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வியாதி ஒண்ணும் இல்லே. சாப்பாடு உடம்பிலே ஒட்டல. ரெண்டு மாசத்திலே ஒன்றரைக் கிலோ ஏத்து. ஏறலேன்னா காத்து மாத்திப் பாக்கலாம். உன் ஊருக்கு அனுப்பு. நீ இப்படி நடுங்காதே, குழந்தை பயப்படும்."

செம்பூரில் இருக்கும் என் அண்ணாவுக்கு இதில் "ஊருக்கு அனுப்பு" மட்டும் கேட்டது. ஒரு விஷயத்தைத் தீர்மானித்துவிட்டால் அதற்கு டிக்கெட் வாங்கிவிடுவது அவர் வழக்கம். இரண்டு மாதம் கழித்து அவருக்கு லீவு. "அக்கா வீட்டிலே அரிசிக்குக் குறைவில்லே. ஒரு வருஷம் அங்கேயே படிக்கட்டும். இங்கே ரேஷன் கோதுமையைத் தின்னுண்டு எந்தக் குழந்தைடா தேறும்?" என்றார். ஒரு வருடம் என்பதை அவர் ஒரு வாரம் மாதிரி சொன்னார். எனக்கு அது பத்து வருடமாகக் கேட்டது.

வசந்தி அழவில்லை. ராத்திரி படுக்கையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"அப்பா, நான் அங்க போயிட்டா, அத்தை ஆத்துல கதவை யாரு மூணு தடவை பாப்பா?"

அன்றைக்கு நான் தாழ்ப்பாளை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாளே எங்கள் வீட்டுக்குள் போர் தொடங்கியது. ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைக் கூட்டியிருந்த காலம். மூன்று வேளையும் அரிசியைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த எங்களைப் போன்றவர்கள், மூலையில் நின்ற கோதுமை மூட்டையைச் சொல்லாமல் வந்து தங்கிவிட்ட விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மட்டும் ஆபீஸ் நூலகத்தில் உணவைப் பற்றி ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டேன். அரைகுறையாகப் படித்தவன் கையில் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு மாதம் போதும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். இந்தப் பக்கம் தவிடு நீக்காத முழுக்கோதுமை மாவு. அந்தப் பக்கம் கீரை. வேலை செய்யத் தெம்பு யாரிடம்? மாவு. உடம்பு வளரப் புரதம்? மாவு. கண்ணுக்கு? கீரை. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து? கீரை. இரும்பு இரண்டிலும் உண்டு. கிரிக்கெட் ஆட்டம் மாதிரி மதிப்பெண் போட்டு, கடைசியில் மாவு ஜெயித்ததாகச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன்.

கமலா கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"இது என்ன, நூறு கிராம் மாவுக்கு நூறு கிராம் கீரையா?"

"ஆமாம். சரிசமமா ஒப்பிடணுமோல்லியோ."

"நூறு கிராம் கீரையை அடுப்பில வச்சா ஒரு கரண்டிதான் வரும். நூறு கிராம் மாவுல நாலு சப்பாத்தி வரும். இது சரிசமமா?"

"கீரையில பெரும்பாகம் தண்ணிங்கறதுதான் நான் சொல்ல வர்றது."

"தண்ணியா இருந்தா என்ன? எங்காத்துல நாலு பொண்களும் கீரையிலதான் வளர்ந்தோம். யாருக்காவது கண்ணாடி இருக்கா? உங்க ஆத்துல எல்லாருக்கும் கண்ணாடி."

என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. முதல் மாதம் வசந்திக்குக் கோதுமை. இரண்டாவது மாதம் கீரை. ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்துப் பார்ப்பது. எதில் ஏறுகிறதோ அதுவே தொடரும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மாவையும் கீரையையும் ஒரே தட்டில் போட்டால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. போட்டியென்றால் போட்டிதான்.

முதல் நாள் சப்பாத்தியைப் பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம் சொன்னேன். "ஏன் கமலா, இது தேங்காய் நார் மாதிரி தொண்டையில அறுக்கிறதே." அவ்வளவுதான். மறுநாள் முதல் சப்பாத்தி மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக, மெத்தென்று வந்தது. மாவு பிசையும் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வசந்தியும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

இரண்டாவது மாதம் கீரை வந்த முதல் நாளும் ஒரே ஒரு எச்சரிக்கை செய்தேன். சயானுக்கு இந்தப்புறம் தண்டவாள ஓரத்தில் கீரை போடுகிறார்களே, அதற்கு எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று ரயிலில் போகிற எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் என்னென்ன வியாதி வரும் என்று கமலாவுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன். "நன்னாக் கொதிக்கவிடு. பயமா இருக்கு" என்று முடித்தேன். அதற்குப் பிறகு கீரைக்கும் ஒரு வெளுப்பு வந்துவிட்டது, வாசனைகூட இல்லை. வியாதிக் கிருமி செத்ததன் அடையாளம் அது என்று வசந்தியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த இரண்டு மாதத்தில் இன்னொரு அதிசயமும் நடந்தது. சுடலைமுத்துவுக்கு என்மேல் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. அளந்து ஊற்றிய பிறகு ஒரு பெரிய கரண்டி பால் சும்மா ஊற்றினார். பாலும் முன்பு மாதிரி இல்லை; காய்ச்சினால் ஏடு கம்பளி மாதிரி படிந்தது. நான் சுவரில் ஒட்டிய தாளைப் பற்றிக் கட்டடம் முழுக்கப் பேச்சு இருந்ததால், படித்தவனுக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வசந்தி பாலைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். ஆகவே அந்தக் கூடுதல் பால் காலையில் காபியாகவும், மத்தியானம் கெட்டித் தயிராகவும், மாலையில் மறுபடி காபியாகவும் என்னிடமே வந்து சேர்ந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பலாம்.

ஆறரை வரை பால் வரவில்லை. வறட்டுக் காபி என்று ஒன்றைக் குடித்துவிட்டு, வசந்தியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். டாக்டரம்மா நிறுத்துப் பார்ப்பதற்கு முன்னால் நானே பார்த்துவிட வேண்டும். எங்கள் வாராந்தரச் சோதனை அங்கேதான்: பிளாட்பாரத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும் எடை இயந்திரம். காசைப் போட்டால் சக்கரம் சுழன்று ஒரு அட்டையைத் துப்பும். முன்பக்கம் எடை, பின்பக்கம் ஜோசியம்.

ஏழு மணி பத்து நிமிடம். அட்டை விழுந்தது. இருபது கிலோ.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இருபது. கோதுமை முடிந்த அன்று இருபது. கீரை முடிந்த அன்றும் இருபது. திருப்பிப் பார்த்தேன். "விரைவில் நீண்ட பயணம் வாய்க்கும்" என்று இந்தியில் இருந்தது. எனக்கு அங்கேயே உட்கார வேண்டும் போலிருந்தது. பெஞ்சில் இடமில்லை.

இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே ஏறி நின்றேன். அட்டை விழுந்தது. என் எடை இரண்டு மாதத்துக்கு முன்னால் அறுபத்தொன்றரை. இப்போது அறுபத்து மூன்று. பின்பக்கத்தில், "பிறர் உழைப்பின் பலன் உங்களை வந்து சேரும்."

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

வசந்தி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "உனக்கு ஒன்றரை ஏறியிருக்கேப்பா."

"அதான் சொல்றேனே, கெட்டுப்போச்சு."

"அப்போ எனக்கு ஏறாததும் பொய்யா?"

"பொய்யா இருக்கலாம்."

"டாக்டரம்மா மெஷின் கெட்டுப்போயிருக்குமா?"

"அது கெடாது."

எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நின்று போயிற்று.

"ஒன்றரைக் கிலோன்னா எவ்வளவு இருக்கும்பா? கையில எடுத்தா?"

"இதோ, உன் புத்தகப் பை இருக்கோல்லியோ, அதுல பாதி" என்றேன், யோசிக்காமல்.

வீட்டுக்கு வந்தபோது ஏழே முக்கால். பால் இன்னும் வரவில்லை. கமலா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகரப் பெட்டியை எடுத்து வசந்தியின் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். நான் பால்கனிக்குப் போனேன், உள்ளே வந்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி பால்கனிக்குப் போனேன். ஒரு தடவை கமலா, "நடக்கறதா இருந்தா அந்த மூலையிலேருந்து இந்த மூலைக்கு நடங்கோ. நடுவில நடந்தா பெட்டி மேல விழறேள்" என்றாள். அவள் குரல் சரியாக இல்லை.

ஒன்பதரைக்கு வசந்தி தானே உடுத்திக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். தீபாவளிப் பட்டுப் பாவாடை. வேக வேகமாக நடக்கிற குழந்தை, அன்று நிறைகுடம் சுமப்பவள் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

"டாக்டர்கிட்டப் போறதுக்குப் பட்டுப் பாவாடையா?" என்றாள் கமலா.

"ஊருக்குப் போனா யாரு பாக்கப் போறா" என்றாள் வசந்தி.

தெருவில் நடக்கும்போது அவளைப் பக்கவாட்டில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பூரிப்பு தெரிந்தது. ஸ்டேஷன் இயந்திரம் கெட்டுத்தான் போயிருக்கிறது என்று முதல் முறையாக நானே நம்பத் தொடங்கினேன்.

டாக்டரம்மாவின் அறையில் சிவப்புச் சிமெண்டுத் தரை, கண்ணாடி போல் இருக்கும். தராசில் வசந்தி மெதுவாக ஏறி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா குண்டை நகர்த்தினார். நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"இருபத்தொன்றே முக்கால்" என்றார். "சபாஷ். என்ன குடுத்தே நீ?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வாழ்க்கையில் அந்த மாதிரி இடங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றிலும் நான் வாயை மூடியதில்லை. இரண்டு மாதமாகப் படித்ததெல்லாம் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. முழுக்கோதுமையின் தவிட்டைப் பற்றி ஆரம்பித்தேன். உயிர்ச்சத்து, இரும்பு, நார் எல்லாமே அந்தத் தவிட்டில்தான் இருக்கின்றன என்றேன். கீரையும் நல்லதுதான், நான் மறுக்கவில்லை, ஆனால் நூறு கிராமுக்கு நூறு கிராம் பார்த்தால் என்றேன். கையை வீசினேன். "இந்தக் குழந்தை நின்னுண்டிருக்காளே, இவ உடம்பில இன்னிக்கு இருக்கிற எடை கோதுமை மாவோட எடை" என்றேன்.

அதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பேசியதில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தியின் பாவாடை ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு தராசின் மேல் சன்னமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து தராசு வரை சிவப்புத் தரையில் அதே கோடு.

வசந்தி இறங்கி, பாவாடைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். மூலையில் தையல் விட்டிருந்தது.

கமலா, "வசந்தீ" என்றாள்.

"அப்பாதானே சொன்னார், கோதுமை மாவுலதான் எடை ஏறும்னு" என்றாள் வசந்தி. அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "முதல்ல கீரையைத்தான் கட்டிப் பாத்தேன். அது கனமே இல்லே" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அவர் கழுத்தில் தெரிந்தது. "ஒன்றரைக்கு மேலேயே வச்சிருக்கியே" என்றார்.

"வழியில கொட்டினாலும் கொட்டும்னு கொஞ்சம் கூட வச்சேன்."

என் மகள்தான். யாரும் சந்தேகப்பட முடியாது.

டாக்டரம்மா தரையிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தார். வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறியது. என்னைக் கேட்டார்:

"முழுக்கோதுமைன்னு சொன்னியே. இதிலே தவிடு எங்கே?"

நான் கமலாவைப் பார்த்தேன். கமலா என்னைப் பார்த்தாள்.

"சலிச்சேன்" என்றாள். "மாவுன்னா சலிக்காம எப்படி? சலிச்சுட்டு அப்புறம் வெள்ளைத் துணியிலயும் ஒரு தடவை சலிப்பேன்."

"ஏன்?"

"இவர்தான் தொண்டையில அறுக்கறதுன்னார்."

"கீரை எப்படிப் பண்ணினே?"

"கொதிக்கவச்சு, தண்ணியை வடிச்சுட்டு, மறுபடி கொதிக்கவச்சு, மறுபடியும் வடிச்சு."

"ஏன்?"

"இவர்தான் தண்டவாளத்துக் கீரைன்னு பயமா இருக்குன்னார்."

அரிசி வீடுகளில் கொழுக்கட்டைக்கும் முறுக்குக்கும் அரைத்த மாவைச் சலித்தே பழகியவர்கள் நாங்கள். சலிக்காத மாவு எங்களுக்கு அழுக்குத் துணி மாதிரி. அந்தப் பழக்கத்தையும் என் வாயையும் கமலா நம்பினாள். சுவரில் ஒட்டிய தாளில் தவிடு நீக்காத மாவைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்த நான், அதே அடுக்களையில் சல்லடை ஆடிய சத்தத்தை இரண்டு மாதமாகக் கேட்டிருக்கிறேன். ஏதோ பண்டிகைக்குப் பலகாரம் என்று நினைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்: "எடைக்குத் தானியம் வேணும். ரத்தத்துக்கும் கண்ணுக்கும் கீரை வேணும். ரெண்டும் வேற வேற வேலை. ரெண்டையும் ஏன் சண்டை போட விடறே நீ? மாவிலேயே கீரையை நறுக்கிப் போட்டுப் பிசை. கொஞ்சம் எண்ணெய் விடு. கீரையை நல்லாக் கழுவு, தண்ணியைக் கொட்டாதே. சல்லடையை எடுத்துப் பரண்மேல போடு. இன்னும் ரெண்டு மாசம் பாரு. காத்து மாத்தறது அப்புறம்."

பை இல்லாமல் மறுபடி நிறுத்தார். இருபது.

வீடு திரும்பும்போது, நாங்கள் போன வழி முழுவதும் மாவுக் கோடு இருந்தது. புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தன. கீழ் வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, "கோலம் போட்டுண்டே போனேளா சார்?" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணா வந்துவிட்டார். கையில் தண்ணீர்க் கூஜா, தோளில் பை. டாக்டர் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"ஏறலேன்னு எழுதியிருக்கு."

"இன்னும் ரெண்டு மாசம் பாக்கச் சொல்றார் அண்ணா. தப்பு எங்க சமையல்ல."

"ரெண்டு மாசம் கழிச்சு யாருடா அழைச்சுண்டு போவா? எனக்கு இனிமே லீவு அடுத்த வருஷம்தான். குழந்தை இடுப்பில மாவைக் கட்டிண்டு போற அளவுக்கு வச்சிருக்கேள் அவளை. நான் சொல்றது உன் நல்லதுக்குத்தான் ராமா. பெட்டியை மூடு."

இரண்டு மாதம் அவளுக்கு நான் போட்டது ஒன்றுமே உடம்பில் சேரவில்லை என்று அட்டை சொல்கிறது. என்னை நம்பி இன்னொரு இரண்டு மாதம் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பேன்? அவருடைய பையிலிருந்த அரை டிக்கெட்டின் ஓரம் எனக்குத் தெரிந்தது. கமலா அடுக்களை வாசலில் நின்று புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை அழுத்தினேன்; மூடவில்லை. வசந்தி வந்து மூடியின்மேல் உட்கார்ந்தாள். அப்போதும் மூடவில்லை. அவள் எடைக்கு அந்த மூடி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. பெட்டியின் முன்னால் மண்டியிட்டபடி அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

மணி பன்னிரண்டு நாற்பது. வாசல் மணி அடித்தது.

பின்கதையை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வசந்தி போகவில்லை. சல்லடை பரணுக்குப் போயிற்று. வெந்தயக்கீரை போட்டுப் பிசைந்த கரடுமுரடான சப்பாத்தியை அவளோடு நானும் தின்றேன். தொண்டையில் அறுத்தது, வாயைத் திறக்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் அவள் ஏறியது ஒன்றே கால் கிலோதான். கால் கிலோவை டாக்டரம்மா மன்னித்தார். இப்போது அவள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். நான் இன்னும் மாதம் ஒரு தடவை ஏதாவது சாக்குச் சொல்லி அவளை ஸ்டேஷன் பக்கம் அழைத்துப் போய், "சும்மா ஏறித்தான் பாரேன்" என்கிறேன். "பாவாடையை உதறிக் காட்டவாப்பா?" என்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் காபியோடு இந்தக் கதையும் வருகிறது. சொல்கிறவர்கள் எல்லோரும் முடிக்கும் இடம் ஒன்றே.

கதவைத் திறந்தேன். சுடலைமுத்து. லாரிக்கு அடியில் இல்லை. குளித்து, திருநீறு பூசி, புதுத் துண்டோடு, கையில் பால்கேனோடு நின்றார்.

"மன்னிக்கணும் அய்யா, நேரமாயிட்டு. வெடியக்காலம் செம்பூர்லேருந்து ரெண்டு பேரு வந்துட்டாவ. நம்ம எருமைய வெலைக்குக் கேக்காவ. இம்புட்டு மினுமினுப்பா ஒரு எருமைய இந்தப் பக்கத்துலயே பாக்கலையாம். சுத்திச் சுத்தி வாராவ, தடவிப் பாக்காவ, போக மனசில்ல. நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். என்ன தீனி போடுதேன்னு கேட்டாவ. மாட்டுங்கா அய்யா வீட்டு வாளின்னு சொன்னேன்."

"எந்த வாளி?" என்றார் அண்ணா, எழுந்து வந்து.

அடுக்களைப் பின்வாசலில் கழுநீர் வாளி என்று ஒன்று உண்டு. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல் எல்லாம் அதில் போகும். மாடு வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டு போவார். மூன்றாவது மாடிக்குக் குடிவந்தும் கமலா அந்த வழக்கத்தை விடவில்லை. அதற்குள் இரண்டு மாதமாக என்ன போயிற்று என்று நான் கேட்டதில்லை.

"மொத மாசம் கோதுமைத் தவிடு, நெதம் ரெண்டு கை" என்றார் சுடலைமுத்து. "பொறவு கீரை வடிச்ச தண்ணி, பச்சப் பசேல்னு. மிச்சத் தவிட அம்மா ஒரு டப்பாவுல சேத்து வச்சிருந்தாவ, அதையும் அதுலயே கலந்து விட்டேன். அப்பம் பாத்துக்கிடுங்க, பால் ஏறினது. சும்மா வாங்கப்படாதேன்னுதான் ஒரு கரண்டி கூட ஊத்துதேன். அம்மாட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் நல்லாச் சலிக்கச் சொல்லுங்க."

அண்ணா வாளியைப் பார்த்தார். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தார். தாளில் இருந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துச் சாப்பிட்ட ஜீவன் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் அந்த எருமை ஒன்றுதான் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. என் அண்ணா சிரித்து நான் பார்த்தது என் கல்யாணத்தில், மாலை மாற்றும்போது நான் தடுக்கி விழுந்தபோது. அது முதல் தடவை. இது இரண்டாவது. கூஜாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பையிலிருந்து அரை டிக்கெட்டை எடுத்து வசந்தியிடம் கொடுத்தார்.

"எருமைக்கு ரெண்டு மாசம் போட்டதை இவளுக்கு ரெண்டு மாசம் போடு" என்றார் என்னிடம். "பெட்டியிலேருந்து இறங்குடி."

வசந்தி இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து டிக்கெட்டை நாலாக மடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"பால்காரரே, எருமைக்கு ஏறின பாலெல்லாம் யாரு குடிச்சா?"

சுடலைமுத்து யோசிக்கவே இல்லை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை, காலையில் செம்பூர்க்காரர்கள் எருமையைப் பார்த்திருப்பார்களே அதே மாதிரி, திருப்தியாகப் பார்த்தார்.

"அதான் அய்யாவும் இப்பம் நல்லா மினுமினுன்னு இருக்காவளே" என்றார்.